குண்டு துளைக்காத கார்களும் என் ஸ்க்ரூடிரைவரும்

கார் டிங்கரிங் என்பது அடுத்தவர் கௌரவத்தில் விழுந்த குழியை நிமிர்த்திக் கொடுக்கிற வேலை. செம்பாக்கத்தில் இருபத்தைந்து வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் மறைமலை நகரில் கார் கதவு அடிக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் பிரஸ் மெஷின் முன்னால் நின்றேன். அதனால் கார் கதவுக்குள் என்ன இருக்கிறது, முக்கியமாக என்ன இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு. இரண்டும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. நடுவில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின், கொஞ்சம் வயர், ஒரு ஸ்பீக்கர், குறுக்கே ஒரு இரும்புக் குழாய். மீதியெல்லாம் காற்று. அதை மூடி ஒரு பிளாஸ்டிக் பேட். இந்தக் கதவு துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் என்று படித்தவர்கள், பட்டம் வாங்கினவர்கள், வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள்.

நம்பிவிட்டுப் போகட்டும் என்று சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும். போன வருஷம் இந்த நம்பிக்கையால் ஒரு கணக்கு டீச்சரின் உயிர் போயிருக்கும். அதிலிருந்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட பிளம்பர், டாக்டர், தையல்காரர் யாராவது இதைப் படித்தால் என் நிலைமை உடனே புரியும். நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

ஹீரோவுக்கு ஒரு கதவு

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கும் நாலு பேர், பழைய கதவு ஒன்று வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள். குறும்படம் எடுக்கிறார்களாம். ஹீரோ காரின் கதவைத் திறந்து அதன் பின்னால் குந்திக்கொள்வார். ஐந்து வில்லன்கள் மாறி மாறிச் சுடுவார்கள். எல்லாக் குண்டும் கதவில் பட்டுத் தெறிக்கும். அப்புறம் ஹீரோ நிதானமாக எழுந்து, தலையைக் கோதிவிட்டு, ஐந்து பேரையும் சுட வேண்டும்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பழைய கதவைச் சுவரில் சாய்த்து வைத்து, ஸ்க்ரூடிரைவரை அதன் மேல் நிறுத்திச் சுத்தியலால் அடித்தேன். முதல் அடியில் வெளித் தகடு போயிற்று. இரண்டாவது அடியில் உள் தகடு. மூன்றாவது அடியில் பிளாஸ்டிக் பேட் கிழிந்து மறுபக்கம் முனை தெரிந்தது. "ஐம்பத்தாறு வயசுக் கைக்கே மூணு அடிதான் தம்பி. துப்பாக்கிக்கு ஒரே அடி. உங்க ஹீரோ அங்கேயே காலி" என்றேன். தொப்பி போட்ட டைரக்டர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க சொல்றது கரெக்டாவே இருக்கட்டும்ண்ணா. ஆனா பின்னாடி ஹீரோ இருக்காரே, குண்டு எப்படிண்ணா உள்ள போகும்?"

ஐந்து நட்சத்திரம்

கேம்ப் ரோட்டிலிருந்து ஒருவர், பெரிய கம்பெனியில் பெரிய வேலை. புது வண்டியின் பம்பரில் ஒரு கீறல். நான் கீறலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரமாம். வேறு வண்டி என்றால் துப்பாக்கியால் சுட்டால் துளைத்துவிடும், இதில் துளைக்காதாம். நட்சத்திரம் கொடுத்தவர்கள் வண்டியைச் சுவரில் மோதிப் பார்த்தார்கள் சார், சுட்டுப் பார்க்கவில்லை என்றேன். மோதலைத் தாங்குவது வேறு, குண்டைத் தாங்குவது வேறு. அடிபட்டால் மெதுவாக நசுங்கி உங்களைக் காப்பாற்றுவதற்காகவே இந்த உடம்பைச் செய்திருக்கிறார்கள். நசுங்குகிற தகடு குண்டை எப்படித் தடுக்கும்?

"நீங்க பழைய வண்டியைப் பார்த்தே பழகிட்டீங்க. இது டாங்க் மாதிரி" என்றார். நான் என் கட்டைவிரலை அவருடைய முன்கதவின் நடுவில் வைத்து லேசாக அழுத்தினேன். தகடு உள்ளே போய்விட்டு வெளியே வந்தது. அவர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அழுத்தாதீங்க சார், குழி விழுந்துடும்!"

ஃபிலிம்காரரும் மீன்கார அக்காவும்

இந்தச் சமயத்தில்தான் கழுத்தில் டை கட்டிய ஒருவர் கடைக்கு வந்தார். கையில் விசிட்டிங் கார்டு கட்டு. கார் கண்ணாடிக்குக் குண்டு துளைக்காத ஃபிலிம், கதவுக்குள் குண்டு துளைக்காத ஜெல், இரண்டும் சேர்த்து ஒரு பேக்கேஜ். நான் ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். ஒருவன் கண்ணாடியில் கல்லை எறிகிறான், கண்ணாடி விரிசல் விட்டு அப்படியே நிற்கிறது. அந்த ஃபிலிம் எனக்குத் தெரியும். உடைந்த கண்ணாடி சிதறாமல் பிடித்துக்கொள்ளும், அது நல்ல விஷயம்தான். ஆனால் வீடியோவில் வந்தது கல். குண்டு எங்கே சார் என்று கேட்டேன். "அது அட்வான்ஸ் வெர்ஷன்" என்றார்.

கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் மீன் கொண்டுவரும் செல்வி அக்கா அப்போது கடையில்தான் இருந்தார். அவருடைய மினி வேனின் பின்கதவு அடிப்பக்கம் முழுக்க அரித்துப்போய், கைவிட்டால் மறுபக்கம் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை நான் தகடு வெட்டி வெல்டிங் வைப்பேன், வருஷத்துக்கு ஒரு தடவை அது மறுபடியும் அரிக்கும். ஃபிலிம்காரர் விடாமல் அவரிடமும் ஒரு கார்டை நீட்டினார். அக்கா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் வண்டியைக் காட்டிச் சொன்னார்:

"ஐஸ் தண்ணியே இந்தக் கதவப் பொத்தல் போட்டுகினு வெளிய வர்து. இதுல குண்டு வந்து நிக்கும்னு சொல்றியே, இன்னாபா நீ, காலைலயே பேஜார் பண்ணிகினு?"

பட்டி பூசினால் போதும்

நான் நிஜமான குண்டு ஓட்டையைப் பார்த்தது அதற்கு அடுத்த மாதம். எங்கள் ஏரியா ஆள்தான், பெயர் வேண்டாம். ஏரிக்கரையோரமாக வண்டியை நிறுத்தியிருக்கிறார். யாரோ நாட்டுத் துப்பாக்கியால் பறவை சுட்டிருக்கிறார்கள். குறி தப்பியது இவருடைய காருக்கு வந்துவிட்டது. இடது பின்கதவில் சுண்டு விரல் நுழைகிற அளவு ஓட்டை. பேடைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு தகட்டையும் தாண்டி, சீட்டின் பஞ்சைக் கிழித்துக்கொண்டு போய், எதிர்ப்பக்கக் கதவின் பிளாஸ்டிக்கில் பாதி புதைந்து நின்றிருந்தது ஈய உருண்டை. அதுவும் பறவை சுடுகிற துப்பாக்கி. அந்த சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். மகள்தான், டியூஷனுக்குப் போகும்போது, அன்றைக்குப் பானிபூரி வாங்க இறங்கியிருந்தாள் என்றார், ஏதோ கடைக்குப் போன கதையைச் சொல்கிற மாதிரி.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். "முதல்ல ஸ்டேஷனுக்குப் போங்க சார். அதுக்கு அப்புறம்தான் இந்த ஓட்டையில நான் கை வைப்பேன்" என்றேன். மகள் உட்காருகிற இடத்தில் குண்டு பாய்ந்திருக்கிறது, அந்த மனுஷர் முகத்தில் அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவருக்கு இருந்த கவலையே வேறு:

"கேஸு கீஸுன்னு போனா குண்டு பட்ட வண்டின்னு பேராயிடும் சார், ரீசேல் வேல்யூ அடி வாங்கிடும். கொஞ்சம் பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சு விட்டுடுங்க."

கதவுக்குள்ளே ஜெல்

இப்போது டீச்சரிடம் வருகிறேன். கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு லேஅவுட்டில் இருப்பவர் கோபால் சார். பேங்கில் வேலை, சாதுவான மனுஷர், என் பழைய வாடிக்கையாளர். அவர் மனைவி உமா டீச்சர், அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். அவர்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை ஒரு பெரிய மனிதர் வேலி போட்டு வளைத்துக்கொண்டார். தட்டிக் கேட்ட குடியிருப்போர் சங்கச் செயலாளரை அவருடைய ஆள் ஒருவன் காலில் சுட்டுவிட்டான். பட்டப்பகலில், தெரு நடுவில். சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர். போலீஸ் விசாரிக்க வந்தபோது மட்டும் அத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் அடுப்பில் பால் இருந்திருக்கிறது. "நான் பார்த்தேன், சுட்டவன் முகம் தெரியும்" என்று சொன்னவர் டீச்சர் ஒருவர்தான். செங்கல்பட்டு கோர்ட்டில் சாட்சி சொல்லத் தேதி வந்தது. அந்த வாரமே ஜி.எஸ்.டி. ரோட்டில் சிக்னலுக்காக நின்றிருந்த அவர்கள் காருக்குப் பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் இருந்தவன் டீச்சரைப் பார்த்துச் சட்டையைக் கொஞ்சம் தூக்கி, இடுப்பில் செருகியிருந்ததைக் காட்டிவிட்டுப் போனான்.

ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் இருவரும் என் கடைக்கு வந்தார்கள். இடது பின்கதவு சரியாகச் சாத்தவில்லை, டீச்சர் உட்காருகிற பக்கம். கதவைத் தூக்கிப் பார்த்தேன். கீல் இறங்கும் அளவுக்குக் கனம். அசைத்தபோது உள்ளே சளக் சளக் என்றது. கோபால் சார் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு நிம்மதி தெரிந்தது. "கேட்டீங்களா சேகர்? அதுதான் ஜெல். குண்டு பட்டா அப்படியே பிடிச்சு நிறுத்திடுமாம். நாலு கதவுக்கும் போட்டிருக்கேன். கார்டு ஒண்ணு கிடைச்சுது, உடனே போன் பண்ணிட்டேன்" என்றார். எந்தக் கார்டு என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

பேடைக் கழற்றினேன். உள்ளே நாலு அடுக்கு வெள்ளி நிற ஷீட். கார் ஸ்பீக்கரில் பாட்டு அதிராமல் கேட்பதற்காகப் பையன்கள் ஒட்டிக்கொள்கிற ரப்பர் ஷீட் அது. ஜெல் எங்கே? கதவின் அடியில் எல்லாக் காரிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி இடுக்கு வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் வெளியே போவதற்கான வழி. அந்த ஓட்டைகளின் மேலும் ஷீட்டை ஒட்டித் தொலைத்திருக்கிறான். ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓட்டையைக் குத்தி விட்டேன். பழுப்புத் தண்ணீர் வேப்பிலைச் சருகோடு கொட்டி என் செருப்பை நனைத்தது. ஒரு மாத மழை அது. டீச்சர் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து அந்தத் தண்ணீரையே பார்த்தார். "இதுக்குப் பின்னாடியா என்னை உட்கார வெச்சீங்க?" என்று கணவரிடம் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. கோபால் சார் அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியலைம்மா."

ஒரு கம்ப்ளெயிண்ட்கூட இல்லை

அந்த நிமிஷமே ஃபிலிம்காரருக்குப் போன் போட்டேன். என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது, டீச்சர் பக்கத்தில் இருந்ததால் பாதியைத்தான் பேசவும் முடிந்தது. பயத்தில் இருக்கிற மனுஷனிடம் மழைத் தண்ணீரை விற்றிருக்கிறாயே, அந்த அம்மா இதை நம்பிப் போய் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று கத்தினேன். எதிர்முனையில் ஒரு பதற்றமும் இல்லை. நான் மூச்சு வாங்கும் வரை காத்திருந்துவிட்டு, பல நாள் பழகிய பதிலைப் போல நிதானமாகச் சொன்னார்:

"சார், நாங்க இதுவரைக்கும் எத்தனையோ வண்டிக்குப் போட்டுட்டோம். குண்டு உள்ள வந்துடுச்சுன்னு ஒரு கஸ்டமர்கூடத் திரும்ப வந்து கம்ப்ளெயிண்ட் பண்ணினதில்லை."

வாசலில் சொன்ன பதில்

"சரி சேகர், இந்தக் கார்ல எங்க உட்கார்ந்தா பாதுகாப்பு?" என்று டீச்சர் கேட்டார். கணக்கு டீச்சர் அல்லவா, விடை வேண்டும் அவருக்கு. மழுப்பாமல் சொன்னேன். சாதாரணக் காரில் குண்டை நிறுத்தக்கூடிய கெட்டியான இரும்பு என்று பார்த்தால் என்ஜின், அதை விட்டால் சக்கரத்துப் பக்கம் கொஞ்சம். என்ஜினுக்குள் உட்கார முடியாது. சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கதவும் ஒன்றுதான், திரைச்சீலையும் ஒன்றுதான். நிஜமாகவே குண்டு துளைக்காத வண்டி என்றால் அதன் கண்ணாடியே செங்கல் கனத்துக்கு இருக்கும், அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை.

காவலுக்கு ஆள் கேட்டு மனு கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கொடுத்திருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார். கோபால் சார் பெருமையாகக் கதவை ஆட்டிச் சளக் சத்தத்தைக் கேட்கவைத்திருக்கிறார். மனு அதோடு மூலைக்குப் போய்விட்டது. லேஅவுட்டிலும் இதே கதைதான். கோர்ட்டுக்குக் கூட வருகிறோம் என்று முதலில் சொன்ன இரண்டு பேர், டீச்சரிடம் அப்படிப்பட்ட வண்டி இருக்கிறதென்று தெரிந்ததும் நிம்மதியாக விலகிக்கொண்டார்களாம். அந்த அதிகாரி வாசலில் நின்று சொன்னதை டீச்சர் ஒரு எழுத்து மாறாமல் எனக்குச் சொன்னார்:

"உங்களுக்கென்ன மேடம், குண்டு துளைக்காத வண்டி. எங்க ஜீப்புக்கே அது கிடையாது."

காலை ரயில்

என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கடையின் லெட்டர்பேடில் பில் தவிர வேறு ஒன்றை எழுதினேன். இன்ன நம்பர் வண்டியின் நாலு கதவையும் பிரித்துப் பார்த்தேன், உள்ளே இருந்தது ரப்பர் ஷீட்டும் மழைத் தண்ணீரும், குண்டைத் தடுக்கக்கூடிய எதுவும் இல்லை என்று எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டேன். டீச்சர் அதை அரசு வக்கீலிடம் கொடுத்து மனுவோடு சேர்க்கச் சொன்னார். அதோடு விடவில்லை. அந்தப் பழுப்புத் தண்ணீரைக் குடிதண்ணீர் பாட்டில் ஒன்றில் பிடித்துக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் மேஜை மேல் வைத்தார். "என்கிட்ட இருக்கிற பாதுகாப்பு இவ்வளவுதான். புதன்கிழமை காலையில நான் கார்ல போகலை, ரயில்ல போறேன். வர்றவங்க வரலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் கோபால் சார் மட்டும் நிற்பார் என்று நினைத்தேன். இருபத்திமூன்று பேர் நின்றார்கள். டிபன் டப்பாவோடு வந்த ஆபீஸ்காரர்கள், லீவு போட்ட இரண்டு டீச்சர்கள், அன்றைக்கு அடுப்பில் பால் இருந்தவர்கள் எல்லோரும். மனுவுக்குப் பலன் கிடைத்து, போலீஸ்காரர்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்திருந்தார்கள். டீச்சரை நடுவில் விட்டுச் சுற்றிலும் நின்றுகொண்டு செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தோம். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு வியர்த்துக் கொட்டியது. என்னை மட்டும் என்ன, குண்டு துளைக்காதா?

கோர்ட்டில் டீச்சர் கூண்டில் ஏறி, சுட்டவனை நேராகக் கை நீட்டிக் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் எத்தனை மணி, எத்தனை அடி தூரம், வெயில் எந்தப் பக்கம் என்று குடைந்து பார்த்தார். கணக்கு டீச்சரிடம் போய் எண்களைக் கேட்டால் என்ன ஆகும், ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் இறங்கி வந்தபோது கூட வந்தவர்களில் இரண்டு பேர் அரசு வக்கீலிடம் போய், நாங்களும் அன்றைக்குப் பார்த்தோம், சொல்கிறோம் என்றார்கள். அதில் ஒருவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் கேட்டேன், இப்போதும் பயமாக இருக்கிறதா டீச்சர் என்று.

"பயம்தான் சேகர். ஆனா பாருங்க, கார் கெட்டின்னு நினைச்ச வரைக்கும் போலீஸ்ல இருந்து பக்கத்து வீடு வரைக்கும் எனக்குத் துணையா ஒருத்தரும் வரலை. உள்ள வெறும் தண்ணின்னு தெரிஞ்சதும்தான் மனுஷங்க வந்தாங்க."

இப்போதும் கடைக்கு வந்து குண்டு துளைக்காத கதவு போட முடியுமா என்று கேட்பவர்களிடம், உங்கள் தெருவில் உங்களோடு ரயிலேற எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வரச் சொல்லி அனுப்புகிறேன், இதுவரை ஒருவரும் எண்ணிக்கையோடு திரும்பி வரவில்லை.